மரபணு மாற்றம் இருந்தால் நுரையீரல் புற்றுநோய் திரும்பி வந்தே தீருமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மகள் கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். அம்மாவுக்கு 57 வயது, ஒரு நாளும் புகைத்தவர் இல்லை. விடாத இருமலுக்கு எடுத்த சி.ரி. ஸ்கானில் கட்டி தெரிந்து, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து இடது நுரையீரலின் கீழ்ச் சோணையை அகற்றிவிட்டார்கள். கட்டி 3.6 சென்ரிமீற்றர், அடினோகார்சினோமா வகை. வெட்டிய விளிம்பில் நோய் இல்லை. நுரையீரலின் வேர்ப்பகுதியில் ஒரு நிணநீர்க் கணுவில் நோய் இருந்தது. பிறகு வந்த மரபணு அறிக்கையில் ‘ஈஜிஎஃப்ஆர், எக்சோன் 19 நீக்கம்’ என்று இருக்கிறது; அதாவது ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் எக்சோன் 19 என்னும் பகுதியில் ஒரு சிறு துண்டு காணாமற் போயிருக்கிறது. "மரபணுவிலேயே இருக்கிறதென்றால் திரும்பி வந்தே தீரும், பிள்ளைகளுக்கும் வரும்" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போக, வீடே ஆடிப்போயிருக்கிறது. கட்டியை எடுத்தாயிற்றே, வைத்தியர் சொல்லும் மூன்று வருடக் குளிசை இனி எதற்கு என்பது அவருடைய அடுத்த கேள்வி. அப்பா பிடித்த சுருட்டுத்தான் காரணமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

நான் நோயியல் துறையில் இருப்பவன். வெட்டியெடுத்த கட்டிகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பதே என் அன்றாட வேலை. சிகிச்சை முடிவு உங்கள் புற்றுநோய் வைத்தியருடையது. அவரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அந்தச் சில நிமிடங்கள் வீணாகாது. அதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிள்ளைகளைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்த அறிக்கை பேசுவது கட்டியின் மரபணுவைப் பற்றி. அம்மா வளர்ந்து ஆளாகி, உங்களையெல்லாம் பெற்று வளர்த்த காலத்தில் எப்போதோ நுரையீரலின் ஒரேயொரு கலத்தில் நேர்ந்த மாற்றம் அது. அவர் பிறக்கும்போது அது அவரிடம் இருக்கவில்லை. ஆகவே உங்களுக்குக் கடந்து வந்திருக்க வழியில்லை. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் பரம்பரையாக ஓடும் குடும்பங்கள் உலகில் மிக மிக அரிது. அவற்றிலும் பெரும்பாலும் காணப்படுவது ரி790எம் என்ற வேறொரு மாற்றம். எக்சோன் 19 நீக்கத்துக்காக உங்கள் வீட்டில் வேறு யாரும் மரபணுப் பரிசோதனை செய்யத் தேவையில்லை.

இனி நோய் திரும்புவதைப் பற்றி. கத்தி பட்டால் பரவும் என்று எங்கள் பக்கத்தில் பலர் இன்னும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப் போட்டுக் காலம் கடந்து வந்தவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அது தவறு. நோய் திரும்புவதற்கான காரணம் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு முன்பே நிகழ்ந்துவிட்ட ஒன்று. கட்டியிலிருந்து சில கலங்கள் நிணநீர் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ வெளியேறி, எலும்பிலோ மூளையிலோ ஈரலிலோ மற்ற நுரையீரலிலோ போய்ப் பதுங்கியிருக்கும். ஸ்கானில் ஒரு புள்ளியாகத் தெரிவதற்கே கோடிக்கணக்கான கலங்கள் சேர வேண்டும். அதற்கும் குறைவாக இருப்பதை எந்த இயந்திரமும் காட்டாது. ஸ்கான் சுத்தமாக இருந்தும், விளிம்பு சுத்தமாக இருந்தும் நோய் திரும்புவது இப்படித்தான். திரும்புமானால், அது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில் தலைகாட்டும்.

அப்படியானால் எவருக்குத் திரும்பும் என்பதை எதை வைத்துச் சொல்வது? எல்லாரும் மரபணு அறிக்கையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது பழைய நோயியல் அறிக்கையைத்தான். கட்டியின் அளவு, நிணநீர்க் கணுவில் நோய் இருந்ததா, நுரையீரலைப் போர்த்திய மென்சவ்வைத் தாண்டியதா, விளிம்பு எப்படி என்பவை இன்றைக்கும் எந்த மரபணுவையும் விட அதிகம் சொல்கின்றன. உலகளவில் திரட்டிய தரவுகளின்படி, 1 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட, கணுவில் பரவாத கட்டியை அகற்றியவர்களில் 100க்கு 90 பேர் ஐந்து வருடம் கடந்தும் இருந்தார்கள். உங்கள் அம்மாவைப் போல ஒரு பக்கக் கணுவில் நோய் இருந்து, இரண்டாம் நிலையின் பிற்பகுதி என்று கணக்கிடப்பட்டவர்களில் அது 56. இந்த எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். அது 1999 முதல் 2010 வரை சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. இப்போது பேசப்போகும் மருந்து அன்று கைக்கு வந்திருக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் உங்களுக்கு விளக்கியதாகத் தெரியவில்லை: ‘மைக்ரோபப்பிலரி அமைப்பு 15 சதவீதம்’. கண்ணாடித் தகட்டில் அதைப் பார்த்தால், சாதாரணமாகக் காற்று நிறைந்திருக்க வேண்டிய சிற்றறைகளுக்குள் ஐந்தாறு கலங்கள் கொண்ட சின்னச் சின்னக் கொத்துகள், எந்தக் காம்பும் பிடிப்பும் இல்லாமல் மிதக்கும். பிடிப்பில்லாத கலம் எங்கும் போகக்கூடியது. அதனால்தான் இந்த அமைப்பு சிறிதளவு இருந்தாலும் அறிக்கையில் சதவீதம் போட்டு எழுதுகிறோம். திடமான, வடிவமற்ற வகையும் இதுவும் கடுமையான அமைப்புகள் எனக் கருதப்படுகின்றன. இரண்டும் சேர்ந்து 20 சதவீதத்தை எட்டினால் தரம் மூன்று, அதாவது மிகக் கடுமையானது. உங்கள் அம்மாவுடையது தரம் இரண்டு. கணுவும் இந்த 15 சதவீதமும் சேர்ந்துதான் உங்கள் வைத்தியரை மேலதிக சிகிச்சை பற்றிப் பேச வைத்திருக்கின்றன. மரபணு அறிக்கையின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

மரபணு மாற்றத்திடம் இரண்டு வேறு கேள்விகள் கேட்கலாம். ஒன்று, மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் இந்தக் கட்டி எப்படி நடந்துகொள்ளும்? மற்றது, எந்த மருந்து இதைப் பிடிக்கும்? உறவினர் சொன்னது முதற் கேள்விக்கான பதில் போல ஒலிக்கிறது; ஆனால் ஈஜிஎஃப்ஆர் அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தருவதில்லை. ஆரம்ப நிலையில் அகற்றிய கட்டிகளை ஆராய்ந்த சிலர், ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவை சற்று மெதுவாகப் போகின்றன என்று கண்டார்கள். வேறு சிலர் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். ‘திரும்பி வந்தே தீரும்’ என்பதற்கு அதில் இடமே இல்லை. இரண்டாவது கேள்விக்கோ, புற்றுநோய் மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான பதில்கள் குறைவு.

ஈஜிஎஃப்ஆர் என்பது கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து வளர்ச்சிக் கட்டளை வந்து தொட்டால் மட்டும் உள்ளே செய்தி அனுப்பும். எக்சோன் 19 நீக்கத்தில், அந்தப் புரதத்தின் உட்பகுதியில் பெரும்பாலும் ஐந்து அமினோ அமிலங்கள் காணாமற் போய்விடும். ஐந்துதான். அதனால் அதன் வடிவம் திரிந்து, யாரும் தொடாமலே ‘வளர், பெருகு’ என்று இரவு பகலாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். இதுவும், எக்சோன் 21இல் வரும் எல்858ஆர் என்ற மாற்றமும் சேர்ந்தால் ஈஜிஎஃப்ஆர் மாற்றங்களில் 85 சதவீதத்துக்கு மேல். ஆசியாவில் அடினோகார்சினோமா நோயாளரில் கிட்டத்தட்ட பாதிப்பேரிடம் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. மேற்கு நாடுகளில் 10 முதல் 15 சதவீதம். புகைக்காத பெண்களிடம் அதிகம்.

ஏன் இந்த ஒரு மாற்றத்தைத் தாக்கினால் சிதறிப்போன கலங்களையும் பிடிக்கலாம் என்பதற்கு இங்கிலாந்தில் சார்ள்ஸ் சுவான்ரன் தலைமையில் நடக்கும் டிரேசர்எக்ஸ் ஆய்வு நல்ல விளக்கம் தந்தது. அகற்றிய ஒரே கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டெடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். ஒரு கட்டிக்குள்ளேயே கலங்கள் ஒன்றுபோல இருக்கவில்லை. ஆலமரம் போல, அடிமரத்தில் தோன்றிய மாற்றங்கள் எல்லாக் கலங்களிலும் இருந்தன. பின்னால் கிளைகளில் தோன்றியவை அந்தந்தக் கிளையில் மட்டும். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் பெரும்பாலும் அடிமரத்தைச் சேர்ந்தது. அதாவது, சோணையோடு வெட்டியெறிந்த கலத்திலும் அது இருந்தது, எங்கோ எலும்புக்குள் பதுங்கியிருக்கக்கூடிய கலத்திலும் அது இருக்கும். அதைக் குறிவைக்கும் மருந்துக்கு இரண்டும் ஒன்றே.

அதே ஆய்வு 2017இல் முதல் 100 நோயாளரைப் பற்றி வெளியிட்ட முடிவில் வேறொன்றும் இருந்தது, என் பார்வையில் அதுதான் அதைவிட ஆழமானது. மரபணுவில் நேரும் தனித்தனி எழுத்துப் பிழைகளை விட, குரோமோசோம் துண்டுகள் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு விதமாகக் கூடியும் குறைந்தும் குழம்பிக் கிடந்த கட்டிகள்தாம் திரும்பின. அந்தக் குழப்பம் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது உயிரிழக்கும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எந்த மரபணு மாறியிருக்கிறது என்பதோடு, கட்டி எவ்வளவு வேகமாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதும் முக்கியம் என்று இது காட்டியது. ரிபி53 என்ற காவல் மரபணு கெட்டுப்போன கட்டிகளில் இந்தக் குழப்பத்துக்கு வழி திறக்கிறது. ஈஜிஎஃப்ஆரோடு ரிபி53 மாற்றமும் சேர்ந்திருந்தால் மருந்துக்கு எதிர்ப்பு விரைவில் உருவாகும் போக்கு உண்டு. ஆனால் இன்றைய நிலையில் அதற்காகச் சிகிச்சையை மாற்றுவதில்லை. உங்கள் அறிக்கையில் ரிபி53 பற்றி எதுவும் இல்லையென்றால் அதைத் தேடி அலைய வேண்டாம்.

இப்போது குளிசை. ஒசிமெர்ட்டினிப், 80 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. மாறிய ஈஜிஎஃப்ஆர் புரதத்தின் 797ஆவது இடத்தில் போய் நிரந்தரமாக ஒட்டி அதை வாயடைக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுக்குப் பெயர் அடோரா. 682 பேர், ஒரு பகுதியினருக்கு மூன்று வருடம் மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. உங்கள் அம்மாவின் நிலையையும் அதற்கடுத்த நிலையையும் சேர்ந்தவர்களில், இரண்டு வருடத்தின் பின் நோயில்லாமல் இருந்தவர்கள் மருந்து எடுத்தோரில் 90 சதவீதம், எடுக்காதோரில் 44. நான்கு வருடத்தின் பின் 70க்கு 29. நோய் திரும்பாதது மட்டுமா, உயிரும் நீண்டதா என்ற கேள்விக்கு 2023இல் பதில் வந்தது: ஐந்து வருடத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள் 85 சதவீதம், மற்றத் தரப்பில் 73. கட்டியை எடுத்தாயிற்றே, இனி எதற்குக் குளிசை என்று கேட்டீர்கள். மருந்தெடுக்காதவர்களில் 44 சதவீதம் பேர் மட்டுமே இரண்டு வருடத்தின் பின் நோயில்லாமல் இருந்தார்கள் என்பதுதான் பதில். அவர்கள் எல்லாருக்கும் கட்டி முழுதாக அகற்றப்பட்டிருந்தது.

ஈஜிஎஃப்ஆர் வகை திரும்பும்போது மூளையைத் தேடிப் போகும் பழக்கம் உள்ளது. மூளைக்குள் மருந்துகள் எளிதில் நுழைவதில்லை, ஒசிமெர்ட்டினிப் நுழையும். அடோராவில் மூளையில் திரும்பியதும் மருந்தெடுத்தோரில் வெகுவாகக் குறைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று வருடம் முடிந்து குளிசையை நிறுத்திய பின் சிலருக்கு நோய் திரும்பத் தொடங்கியது. ஆகவே எல்லாரிடமும் பதுங்கிய கலங்களை இது அழித்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. சிலரிடம் அடக்கித்தான் வைக்கிறது. நான்காவது வருடம் வந்ததும் கிளினிக்கை விட்டுவிடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

குளிசை இருக்கும்போது கீமோ எதற்கு என்று பலரும் கேட்பார்கள். கணுவில் நோய் இருந்தவர்களுக்குச் சிஸ்பிளாட்டின் அடிப்படையிலான கீமோ ஐந்து வருடத்தில் 100க்கு ஏறத்தாழ 5 பேரை மேலதிகமாகக் காப்பாற்றுகிறது என்பது பழைய ஆய்வுகளின் தொகுப்பு. சிறிய எண்தான், ஆனால் உண்மையான எண். அடோராவில் கீமோ எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இருசாராருக்கும் குளிசை பயன் தந்தது. 57 வயதில், இந்தக் கீமோ பாதிக்கக்கூடிய சிறுநீரகமும் காதும் நன்றாக இருந்தால், நான்கு சுற்றுக் கீமோவை முடித்துவிட்டுக் குளிசைக்குப் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. வைத்தியர் அம்மாவை நேரில் பார்த்து வேறு முடிவெடுத்தால் அவர் சொல்வதே சரி. திகதிகளைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் கீமோ எடுக்காதவர்களுக்குச் சத்திரசிகிச்சையிலிருந்து 10 வாரத்துக்குள்ளும், எடுத்தவர்களுக்கு 26 வாரத்துக்குள்ளும் குளிசை தொடங்கப்பட்டது. திருகோணமலையிலிருந்து இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய், ஒரு கடதாசி இல்லையென்று திரும்பி வந்தால் அதிலேயே ஒரு மாதம் கழிந்துவிடும். நோயியல் அறிக்கை, மரபணு அறிக்கை, சத்திரசிகிச்சைக் குறிப்பு, ஸ்கான் தட்டு எல்லாவற்றையும் ஒரே கோவையில் வைத்து, பிரதி எடுத்து, இரண்டையும் கொண்டுபோங்கள்.

ஒசிமெர்ட்டினிப் விலை கூடிய மருந்து. அரசாங்க வைத்தியசாலையில் எந்த வழியில் கிடைக்கும் என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலிவான பழைய மருந்தான ஜெஃபிட்டினிப்பைப் பற்றி யாராவது சொல்வார்கள். சீனாவில் 222 பேரிடம் அதைச் சோதித்தபோது நோய் திரும்புவது தள்ளிப்போனது, 18 மாதத்திலிருந்து 28.7 மாதத்துக்கு; ஆனால் வாழ்நாள் நீண்டதாக நிரூபணமாகவில்லை. இரண்டும் ஒன்றே என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கைமாறிக் கைமாறி வரும், பெட்டியில்லாத குளிசைகளை ஒருபோதும் வாங்க வேண்டாம்.

குளிசையோடு வாழ்வது பலருக்கு முடிகிற காரியம். வயிற்றோட்டம், தோல் வறட்சி, முகத்திலும் மார்பிலும் பரு போன்ற தடிப்பு, வாய்ப்புண் வரலாம். நான் தனியாகக் குறிப்பிட விரும்புவது நகத்தை. நகத்தின் ஓரச்சதை சிவந்து வீங்கி, சிலருக்குச் சீழ் கட்டும். மீன் துப்புரவு செய்து, மிளகாய் அரைத்து, உடுப்புத் தோய்க்கும் கைகளுக்கு அது பெரிய வேதனை. அம்மா அந்த வேலைகளை விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். கையுறை வாங்கிக் கொடுங்கள், நகத்தை ஒட்ட வெட்ட விடாதீர்கள், இரவில் கைக்குப் பூச்சு பூசிவிடுங்கள். தாங்க முடியாமல் தானாகக் குளிசையை நிறுத்துவதற்கு நகமும் வயிற்றோட்டமும் முக்கிய காரணங்கள்; இரண்டுக்கும் மருந்து உண்டு. புதிதாக மூச்சு வாங்கினாலோ வறட்டு இருமல் தொடங்கினாலோ மட்டும் காத்திருக்கக்கூடாது. குளிசையே நுரையீரலில் அழற்சியை உண்டாக்குவது அரிதாக நடக்கிறது, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இன்னொன்று: காசநோய்க்குக் கொடுக்கும் றிஃபாம்பிசின் இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். எந்த மருந்தகத்துக்குப் போனாலும், எந்த வைத்தியரிடம் போனாலும் குளிசைப் பெட்டியைக் காட்டுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சில வரிகள். உங்கள் வீட்டில் நுரையீரல் அடினோகார்சினோமா அகற்றப்பட்டு, மரபணுப் பரிசோதனை பற்றி யாரும் பேசவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். அகற்றிய கட்டியின் பகுதி மெழுகில் பதித்த சிறு கட்டியாக, எண் பொறித்த பிளாஸ்டிக் கூட்டில், ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருக்கும். மீண்டும் ஊசி குத்தத் தேவையில்லை. அதிலிருந்து ஒரு தலைமயிரின் தடிப்பிலும் மெல்லிய சில சீவல்கள் போதும். அறிக்கையின் மேல் மூலையில் இருக்கும் ஆய்வுகூட எண்ணை எழுதி வையுங்கள், அந்த எண் இல்லாமல் மெழுகுக் கட்டியைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அந்தப் பரிசோதனையில் ஏஎல்கே என்ற வேறொரு மரபணுவின் மாற்றம் வந்தால், அலெக்ட்டினிப் என்ற குளிசை இரண்டு வருடம். 257 பேரிடம் நடந்த அலினா ஆய்வில் இரண்டு வருடத்தின் பின் நோயில்லாமல் இருந்தவர்கள் 93.6 சதவீதம், கீமோ மட்டும் எடுத்தோரில் 63.7. அதை எடுப்பவர்கள் வெயிலில் கவனமாக இருக்க வேண்டும், தோல் எரியும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடக்கூடாது. கேராஸ் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் புகைத்தவர்களிடம் அதிகம். அதில் ஜி12சி வகைக்கு மருந்து இருந்தாலும் அது முற்றிய நோய்க்குத்தான். சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுப்பது வழக்கமாகவில்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் நோயெதிர்ப்பு ஊசி மருந்துகள் பேச்சுக்கு வரும். அவற்றைத் தொடங்கும் முன் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே முடிவுகள் கையில் இருந்தாக வேண்டும். இந்த மாற்றங்கள் உள்ளவர்களுக்கு அந்த ஊசியால் பயன் குறைவு என்பது ஒரு காரணம். ஊசி போட்ட கையோடு ஒசிமெர்ட்டினிப் தொடங்கினால் நுரையீரல் அழற்சி கூடுகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இரத்தத்தில் கட்டியின் மரபணுத் துணுக்கைத் தேடும் பரிசோதனையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். துணுக்கு தென்பட்டால் ஸ்கானில் தெரிவதற்கு மாதங்கள் முன்பே எச்சரிக்கை கிடைக்கலாம். தென்படாவிட்டால் நோய் இல்லை என்று உறுதி கிடையாது. கடன்பட்டுச் செய்ய வேண்டியதில்லை.

அப்பாவின் சுருட்டு. வீட்டுக்குள் பிறர் விடும் புகை நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் ஈஜிஎஃப்ஆர் வகை, புகை படாத நுரையீரலிலும் தோன்றுகிற வகை. காற்றிலுள்ள நுண்துகள்கள் இத்தகைய கலங்களைத் தூண்டிவிடுகின்றன என்று 2023இல் சுவான்ரன் குழுவே காட்டியது; விறகடுப்புப் புகையும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இன்ன காரணத்தால் வந்தது என்று எந்த அறிக்கையும் சொல்லாது. அப்பாவிடம் பழி சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு சோணை குறைந்த நுரையீரலோடு அம்மா மூச்சுவிடும் வீட்டுக்குள் இனிச் சுருட்டு கூடாது என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். அப்பாவும் தன் நெஞ்சை ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

முதல் இரண்டு மூன்று வருடங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு ஸ்கான், பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். இரண்டுக்கும் இடையில் ஒரே இடத்தில் விடாமல் நிற்கும் முதுகு வலி, காலையில் வாந்தியோடு வரும் தலையிடி, கை கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஏதாவது தோன்றினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல், அறிக்கைக் கோவையோடு திருகோணமலை வைத்தியசாலையிலேயே காட்டி, ஈஜிஎஃப்ஆர் மாற்றமுள்ள நுரையீரல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டால் பார்க்கும் வைத்தியர் மூளையையும் எலும்பையும் நினைப்பார்.